டோக்கியோவிலிருந்து ஓகசவாரா: 24 மணி நேரக் கப்பலில் குடும்பத்தோடு போகலாமா?

நிஷிகசாய்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறோம். மார்ச் கடைசியில் மகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து மனைவியின் அம்மாவும் அந்த நேரம் எங்களோடு இருப்பார். விடுமுறை என்றால் கியோட்டோ, இல்லாவிட்டால் ஓகினாவா என்று எப்போதும் முடிந்துவிடும். இந்தத் தடவை மகள் எங்கேயோ திமிங்கலப் படம் பார்த்துவிட்டு ஓகசவாராத் தீவுகளுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கும் ஆசைதான், ஜப்பானுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஆனால் போய் வந்தவர்கள் யாரும் என் வட்டத்தில் இல்லை.

விசாரித்த வரைக்கும் விமானமே கிடையாது, கப்பல் ஒன்றுதான், அதுவும் ஒரு நாள் முழுக்கப் பயணம் என்கிறார்கள். அத்தைக்கு அறுபத்து நாலு வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், மற்றபடி நன்றாக நடப்பார். எங்கள் வீட்டில் அத்தையும் மனைவியும் சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார்கள். நானும் மகளும் எதையும் சாப்பிடுவோம்.

கேள்விகள் இவைதான். கப்பலில் அந்த 24 மணி நேரம் உண்மையில் எப்படி இருக்கும், வாந்தி வருமா? எந்த வகுப்பில் சீட்டு எடுத்தால் அத்தைக்குச் சௌகரியம்? சைவத்துக்கு என்ன வழி? ஹஹாஜிமா என்று இன்னொரு தீவும் இருக்கிறதாமே, அதற்கும் சேர்த்துத் திட்டம் போடலாமா, இல்லை கப்பல் போய்ச் சேருகிற சிச்சிஜிமா தீவு மட்டும் போதுமா? போய் வந்தவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

கோலாமீன்:

போங்கள். மார்ச் கடைசி என்பது திமிங்கலத்துக்கு அருமையான நேரம், உங்கள் மகள் சரியான பருவத்தைத்தான் பிடித்திருக்கிறாள். நான் வெவ்வேறு பருவங்களில் போயிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பயணத்தில் நாள் கணக்கைக் கப்பல்தான் முடிவு செய்யும், நீங்கள் இல்லை. ஓகசவாரா மாரு என்கிற அந்தக் கப்பல் டோக்கியோவின் தகேஷிபா துறையிலிருந்து காலை 11 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 11 மணிக்கு சிச்சிஜிமாவின் ஃபுதாமி துறைமுகத்துக்குப் போய்ச் சேரும். சாதாரண அட்டவணையில் அதே கப்பல் மூன்று இரவு அங்கேயே நின்றுவிட்டுப் பிற்பகல் திரும்பக் கிளம்பும். ஆகவே போக ஓர் இரவு, வர ஓர் இரவு, தீவில் மூன்று இரவு, மொத்தம் ஆறு நாள். நடுவில் வேலை வந்துவிட்டது, திரும்பி வருகிறேன் என்றால் முடியாது. விடுமுறைக் கூட்டம் அதிகமான நாட்களில் மட்டும் வந்த அன்றே திரும்புகிற மாதிரி ஓட்டுவார்கள், அப்போது கணக்கு மாறும். அதனால் முதலில் அந்த வருடத்து அட்டவணையைப் பார்த்துவிட்டு அப்புறம் அலுவலகத்தில் விடுப்பு கேளுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் தெற்கே போகிறீர்கள், ஆனாலும் அது டோக்கியோ மாநகர நிர்வாகத்துக்குள்தான் வருகிறது. தீவில் ஓடுகிற கார்களில் டோக்கியோ நகரத்து ஷினகவா என்று பதிவு எண் இருப்பதைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு வேடிக்கையாக இருக்கும். விமான நிலையம் கட்டுவது பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது, இன்னும் கட்டவில்லை. வேகக் கப்பல் ஒன்றைக் கட்டியே முடித்தார்கள், எரிபொருள் விலை ஏறியதால் 2005இல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. இப்போது ஓடுகிற கப்பல் 2016இல் வந்தது, சுமார் 11,000 டன், நீளம் 150 மீட்டர். அதற்கு முந்தைய கப்பலில் இருபத்தைந்தரை மணி நேரம் ஆகும்.

ஆட்டம் பற்றி. கிளம்பி முதல் இரண்டு மணி நேரம் டோக்கியோ விரிகுடாவுக்குள் போகும், ரெயின்போ பாலத்துக்குக் கீழே நுழையும், ஒன்றுமே தெரியாது. எல்லாரும் மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். விரிகுடா வாயைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் நீண்ட அலைகள் தூக்கி இறக்க ஆரம்பிக்கும், அதன் பிறகு குரோஷியோ நீரோட்டத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். நல்ல நாளில் தொட்டில் ஆட்டம்தான். மார்ச்சில் காற்றழுத்தத் தாழ்வு எதாவது குறுக்கே வந்தால் நன்றாகவே ஆட்டும், நடைபாதையில் கைப்பிடியை விடாமல் நடக்க வேண்டியிருக்கும். மாத்திரை எடுப்பதானால் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. அத்தைக்கு மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கித் தர வேண்டாம், ரத்த அழுத்த மாத்திரையோடு சேருமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு இருப்பதும் தப்பு, வயிறு முட்டச் சாப்பிடுவதும் தப்பு. ஆட்டம் அதிகமானால் படுத்துவிடுவதுதான் ஒரே மருந்து, புத்தகம் போன் எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு.

மறுநாள் காலையில் சீக்கிரம் எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள், தூங்கிக் கழித்துவிடாதீர்கள். கடலின் நிறமே வேறாக இருக்கும், அந்த அடர் நீலத்தை சென்னையிலும் பார்க்க முடியாது, டோக்கியோவிலும் பார்க்க முடியாது. தீவு நெருங்க நெருங்க பழுப்பு பூபிப் பறவைகள் கப்பலோடு பக்கத்திலேயே பறந்து வரும். கப்பல் தண்ணீரைக் கிழிக்கிற இடத்தில் பறவைக்கோலா மீன்கள் வெள்ளி வெள்ளியாகக் கிளம்பிப் பறக்கும், பறவை ஒரு நொடி இறக்கையை மடக்கி அம்பு மாதிரி இறங்கிக் கவ்விக்கொண்டு மேலே வரும். கைப்பிடிக் கம்பியிலிருந்து பார்த்தால் அதன் கால் நிறம், கண் எல்லாம் தெளிவாகத் தெரியும், அவ்வளவு கிட்டத்தில் நடக்கும். துறைமுகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே முகோஜிமா கூட்டத்துத் தீவுகள் தெரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்திலிருந்து திமிங்கலத்துக்காகக் கண்ணை வைத்துக்கொண்டே இருங்கள், உங்கள் பருவத்தில் கப்பலிலிருந்தே மூச்சுவிடும் புகையைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு.

வகுப்பு, சைவம் இரண்டையும் பற்றி வேறு யாராவது சொல்வார்கள் என்று நினைக்கிறேன், நான் எப்போதும் பாய் வகுப்புதான், மீன்தான்.

மல்லிகா_சிபா:

அண்ணா, என் அம்மாவை அழைத்துக்கொண்டு போன அனுபவத்தில் சொல்கிறேன், அவரும் கிட்டத்தட்ட அதே வயது, சைவம்.

மலிவான இரண்டாம் வகுப்பு என்பது பெரிய அறையில் தரையில் வரிசையாக மெத்தை விரித்துப் படுப்பது. ஒருவழிக் கட்டணம் 30,000 யென்னை ஒட்டி இருக்கும், எரிபொருள் விலையைப் பொறுத்து ஏறும் இறங்கும், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாதி. தலைமாட்டில் சின்னத் தடுப்பு உண்டு, பெண்களுக்கு மட்டும் என்று தனிப் பகுதியும் உண்டு. இளவட்டங்களுக்கு அது போதும். ஆனால் அத்தைக்குத் தரையிலிருந்து ஆடுகிற கப்பலில் எழுந்து கழிப்பறைக்குப் போவது சிரமம், முழங்கால் நன்றாக இருந்தாலும் சிரமம்தான். அதனால் கட்டில் உள்ள வகுப்பு எடுங்கள். இரண்டாம் வகுப்பிலேயே கட்டில் உண்டு, அதற்கு மேலே சிறப்பு இரண்டாம் வகுப்பில் திரை போட்ட கட்டில், சின்னத் தொலைக்காட்சி எல்லாம் இருக்கும். கீழ்க்கட்டில் கிடைக்குமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பணம் பிரச்சினை இல்லை என்றால் தனியறை எடுத்து நால்வரும் ஒன்றாக இருக்கலாம், போகும்போது மட்டும் அதை எடுத்துவிட்டு வரும்போது கட்டில் வகுப்பில் வரலாம். குளிக்க ஷவர் அறைகள் உண்டு, சுத்தமாக இருக்கும். இரவு பத்து மணிக்குப் பொது அறைகளில் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

சாப்பாடு. கப்பலில் உணவகம் இருக்கிறது, சின்னக் கடை இருக்கிறது, ஆனால் நம் சைவத்துக்கு நம்பி ஏறக் கூடாது. பார்த்தால் காய்கறி மாதிரி இருக்கும், அடியில் மீன் கருவாட்டுச் சாறு ஊற்றியிருப்பார்கள். வெள்ளைச் சோறு தனியாகக் கிடைக்கும், அதுதான் நமக்கு மூலதனம். நான் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நல்லெண்ணெய் சின்னப் புட்டி, ஊறுகாய், தேப்லா எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். முதல் நாளுக்குத் தயிர் சாதம் கட்டிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது, ஆட்டத்தில் அதைவிட வயிற்றுக்கு இதமானது எதுவும் இல்லை. வெந்நீர் கிடைக்கும், அதனால் உடனடி உப்புமா, சேமியா வகையறா உதவும். எலுமிச்சம்பழம் நாலு எடுத்துப் போங்கள், மோந்து பார்த்துக்கொண்டே அம்மா இரவைக் கடத்திவிட்டார்.

தங்குமிடத்தைச் சாப்பாடு இல்லாமல் எடுங்கள், சமையலறை உள்ள இடமாகக் கேளுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கடைகள் இருக்கின்றன, அரிசி, டோஃபு, காய்கறி கிடைக்கும். ஒரு விஷயம், கடை அலமாரியே கப்பலை நம்பித்தான் இருக்கிறது. கப்பல் வந்த அன்று பால், ரொட்டி, கீரை எல்லாம் வந்து இறங்கும், சனம் கூடிவிடும். கப்பல் கிளம்புகிற நாள் நெருங்கும்போது அலமாரி இளைத்துப் போயிருக்கும். அதனால் போய் இறங்கிய அன்று சாயங்காலமே வேண்டியதை வாங்கிவிடுங்கள். உள்ளூர் எலுமிச்சை, பேஷன் பழம் எல்லாம் பருவத்தில் கிடைக்கும்.

அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய ஒன்று, அந்தத் தீவில் பச்சைக் கடலாமை சாப்பிடுவது பழைய வழக்கம், உணவகப் பலகையில் எழுதியிருக்கும். வருடத்துக்கு 135 ஆமைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதே ஊரில் ஆமைக் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடுகிற கடல் மையமும் இருக்கிறது. குழந்தையை அங்கே கூட்டிப் போங்கள், ரொம்ப நன்றாக இருக்கும்.

கடைசியாக, உடம்பு. சிச்சிஜிமாவில் மருத்துவ நிலையம் இருக்கிறது, ஆனால் பெரிய அறுவை சிகிச்சை போன்ற அவசரம் என்றால் தற்காப்புப் படையின் கடல் விமானத்தை வரவழைத்து டோக்கியோவுக்குக் கொண்டு போக வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மார்வலி, மயக்கம் என்று சமீபத்தில் ஏதாவது இருந்திருந்தால் அத்தையைக் கூட்டிப் போக வேண்டாம். அப்படி எதுவும் இல்லை, மாத்திரைதான் என்றால் கூடுதலாக ஒரு வாரத்து மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். கப்பல் தாமதமானால் தீவில் அந்த மாத்திரைக்கு அலைய முடியாது.

தெற்குக்காற்று:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை, வயதானவர், சைவம், அதோடு அலுவலகத்தில் திரும்பி வர வேண்டிய நாள் உறுதி என்றால் ஓகினாவாவின் யாயெயாமா தீவுகள் பக்கம் போவது நல்லது. ஹனெடாவிலிருந்து இஷிகாகிக்கு நேரடி விமானம் இருக்கிறது. இஷிகாகியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு துறையிலிருந்து தினமும் ஒரு தீவுக்குப் படகில் போய் வரலாம். தாகேதோமிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான், இரியோமோத்தேவுக்கு முக்கால் மணி நேரம், ஆட்டம் பொறுக்கவில்லை என்றால் மறுநாள் போகாமல் இருந்துவிடலாம். ஹதெருமா மட்டும் கொஞ்சம் கரடுமுரடான கடல், ஜப்பானின் தென்கோடியில் மக்கள் வாழ்கிற தீவு அதுதான், குளிர்காலத்தில் அந்தப் படகு அடிக்கடி ரத்தாகும். சின்னத் தீவு, பவளப் பாறை, மாட்டு வண்டி எல்லாம் அங்கேயும் உண்டு. ஓகசவாராவில் எது தவறினாலும் ஆறு நாளும் அங்கேயேதான்.

கோலாமீன்:

தெற்குக்காற்று சொல்வது நியாயம்தான், விடுப்பு இறுக்கமாக இருக்கிறவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. தாகேதோமிக்குப் போனால் கடைசிப் படகு கிளம்பியதும் ஊர் காலியாகும், பகலில் வந்தவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். ஓகசவாராவில் உங்களோடு கப்பலில் வந்தவர்கள்தான் மூன்று நாளும் உங்களோடு இருப்பார்கள். நேற்று உங்கள் பக்கத்துக் கட்டிலில் வாந்தி எடுத்த ஆளை இன்று மலைமேல் சூரியன் மறைவதைப் பார்க்கிற இடத்தில் சந்திப்பீர்கள், அடுத்த நாள் கடையில் சந்திப்பீர்கள், கடைசியில் கப்பலில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பீர்கள். ஊர்க்காரர்களுக்கும் வருகிற கூட்டம் யார் என்று தெரியும். விமானம் போகிற தீவில் இது கிடைக்காது, நான் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணமே இதுதான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போனவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

நிஷிகசாய்க்காரன்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மல்லிகா, உங்கள் பதிலை அப்படியே மனைவியிடம் படித்துக் காட்டினேன், புளிக்காய்ச்சல் வரைக்கும் பட்டியல் போட்டாயிற்று. அத்தையை இந்த வாரம் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்கிறோம். அவருக்கே ரொம்ப ஆர்வம், நாகப்பட்டினத்துக்காரர், கப்பல் என்றதும் கண் விரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஹஹாஜிமா பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம், மினாமிஜிமா என்று ஒரு குட்டித் தீவின் படம்தான் எல்லா விளம்பரத்திலும் வருகிறது, அங்கே நாங்களாகப் போக முடியுமா? காலணியைக் கழுவ வேண்டும் என்று எங்கோ படித்தேன், அது எதற்கு?

தாழம்பூ:

காலணிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த ஊரின் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

ஓகசவாராத் தீவுகள் ஒருபோதும் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. கடலிலிருந்து கிளம்பிய எரிமலைத் தீவுகள். அங்கே போய்ச் சேர்ந்த உயிர் எல்லாம் பறந்தோ மிதந்தோ போய்ச் சேர்ந்ததுதான், அதன் பிறகு தனியாகக் கிடந்து வேறு வேறாக மாறிப் போயின. நில நத்தைகள் மட்டும் நூறு வகைக்கு மேல், அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2011இல் உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்போது இந்த நத்தைகளும் மரங்களும்தான் பெரிய காரணம். ஆனால் சிச்சிஜிமாவில் நியூ கினியிலிருந்து வந்த ஒரு தட்டைப்புழு புகுந்து அந்த நத்தைகளைத் தின்று தீர்த்துவிட்டது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவுகிற பிராணி அது. ஹஹாஜிமாவுக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் ஹஹாஜிமா துறையில் இறங்கும்போது கடல்நீர் நனைத்த விரிப்பில் காலணியை நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் ஊருக்குள் போக வேண்டும். தகேஷிபாவிலேயே ஏறுவதற்கு முன்னும் காலணியின் அடிப்பாகத்தைத் துடைக்க விரிப்பு போட்டிருப்பார்கள். தயவுசெய்து இதைச் சடங்காக நினைத்து இரண்டு தேய்ப்போடு ஓடிவிடாதீர்கள். வீட்டிலேயே பல் துலக்குகிற பழைய தூரிகையை வைத்துக் காலணி அடிப்பாகத்துப் பள்ளங்களில் உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள், பையின் மூலைகள், கால்சட்டை மடிப்பு, வெல்க்ரோ ஒட்டு எல்லாவற்றையும் உதறுங்கள், விதை அங்கேதான் ஒளிந்திருக்கும். மகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

நம் ஊர்க்காரர்கள் போனால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். பாதை ஓரத்தில் தாழை நிற்கும், ஆனால் அது அந்தத் தீவுக்கே சொந்தமான தாழை, வேர் நாலாபக்கமும் ஊன்றி நிற்பது அதே மாதிரி இருக்கும். பக்கத்திலேயே சவுக்கும் சுபாபுலும் மண்டிக் கிடக்கும். நமக்கு வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரங்கள், அங்கே வெளியிலிருந்து வந்து உள்ளூர்க் காட்டை நெருக்குகிற களைகள். ஆட்கள் வைத்து வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

மினாமிஜிமாவுக்கு நீங்களாகப் போக முடியாது. அங்கீகரித்த வழிகாட்டியோடுதான், ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேர், நாளொன்றுக்கு மொத்தம் நூறு பேர், அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நவம்பரிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை புல் முளைக்க விட்டு மூடி வைப்பார்கள், நீங்கள் போகிற நேரம் திறந்திருக்கும். ஆனால் அங்கே துறை கிடையாது. படகு மூக்கைப் பாறையில் முட்டி நிற்கும், அலை தூக்குகிற நேரம் பார்த்து நாம் பாறைக்குத் தாவ வேண்டும், சுண்ணாம்புப் பாறை கத்தி மாதிரி இருக்கும். அத்தையைத் தாவச் சொல்லாதீர்கள், படகில் வந்து வெளியிலிருந்து பார்ப்பதே போதும். உள்ளே மணலில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் கிடக்கும், ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை, அந்த இனமே இப்போது இல்லை. ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது.

ஹஹாஜிமா. என்னைக் கேட்டால் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். சிச்சிஜிமாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, ஹஹாஜிமா மாருவில் இரண்டு மணி நேரம். பெரிய கப்பல் வருகிற நாளில் அதோடு பொருந்துகிற மாதிரி நண்பகலில் கிளம்பும், ஆனால் ஓடாத நாட்களும் உண்டு, இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னக் கப்பல், பெரியதைவிட ஆட்டும், ஆனால் உங்கள் பருவத்தில் அந்த இரண்டு மணி நேரம் முழுக்கத் திமிங்கலக் கடல்தான். சுமார் 450 பேர் இருக்கிற ஒரே ஓர் ஊர், பேருந்து கிடையாது. மெகுரோ என்கிற மஞ்சள் வயிற்றுக் குருவி, கண்ணைச் சுற்றி மை தீட்டின மாதிரி கறுப்பு முக்கோணம், உலகத்திலேயே ஹஹாஜிமா கூட்டத்துத் தீவுகளில் மட்டும்தான். அதைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதே இல்லை, ஊருக்குள் பப்பாளிப் பழத்தில் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருக்கும். துறைக்குப் பக்கத்தில் சமேகசாகி மேடையில் உட்கார்ந்தால் கரையிலிருந்தே திமிங்கலம் தெரியும். அத்தைக்கு அதுதான் சரியான இடம், ஆட்டமும் இல்லை, ஏறுவதும் இல்லை. நீங்களும் மகளும் தென்கோடிக்குப் போய் அங்கிருந்து கோஃபுஜி மேடு வரை நடந்துவிட்டு வரலாம், ஒருவழிக்கு ஒரு மணி நேரம், பாதை பெரும்பாலும் எளிது.

கதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். 1830இல் அங்கே முதலில் குடியேறியவர்கள் ஜப்பானியர் இல்லை, நதானியேல் சேவரி என்ற அமெரிக்கரும் சில ஐரோப்பியர்களும் ஹவாய்த் தீவு மக்களும். ஜப்பான் 1876இல் தன் ஆட்சிக்குக் கொண்டுவந்தது. 1944இல் போர் நெருங்கியபோது 6,886 பேரைத் தீவுகளிலிருந்து கட்டாயமாக ஜப்பானின் பெருநிலப்பகுதிக்கு அனுப்பினார்கள். போர் முடிந்து அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்தபோது மேற்கத்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு மட்டும் திரும்ப அனுமதி. மற்றவர்கள் 1968 ஜூன் 26 வரை, 24 ஆண்டு தங்கள் மண்ணை மிதிக்க முடியவில்லை. ஹஹாஜிமா அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆள் இல்லாமல் காடாகவே கிடந்தது. ஊரை இழந்து திரும்பி வந்தவர்களின் கதை நமக்குப் புதிதில்லை, அதனால் அங்கே முதியவர்கள் யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்று கேளுங்கள்.

மல்லிகா_சிபா:

தாழம்பூ சொன்ன சமேகசாகி மேடை உண்மையில் நல்ல யோசனை. திமிங்கலப் படகில் அத்தை ஏறியே ஆக வேண்டும் என்று இல்லை. சிச்சிஜிமாவிலும் வெதர் ஸ்டேஷன் என்கிற மலைமேல் மேடையிலிருந்து தெரியும், சாயங்காலம் அங்கேயே சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். மேடு ஏற வண்டி கேளுங்கள். இரவில் துறைமுகத்துப் படகு மேடை விளக்கடியில் சுறாவும் திருக்கையும் வரும், மகள் அங்கிருந்து நகர மாட்டாள். மார்ச்சில் கடல்நீர் குளிராகத்தான் இருக்கும், நீந்துவதானால் உடலை ஒட்டின ரப்பர் உடை வாடகைக்கு எடுங்கள்.

கோலாமீன்:

கடைசியாகச் சில்லறை விஷயங்கள்.

கூடாரம் போட்டுத் தங்கத் தடை, ஆகவே தங்குமிடம் உறுதியான பிறகுதான் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். ஹஹாஜிமாவில் விடுதிகள் கொஞ்சம்தான், அதிலிருந்து ஆரம்பியுங்கள். பொதுவாகக் கப்பல் பதிவு சுமார் இரண்டு மாதம் முன்னால் திறக்கும். ஜனவரி பிப்ரவரியில் கப்பலைப் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், சில வாரம் போக்குவரத்தே இருக்காது, அது முடிந்து வருகிற முதல் சில பயணங்களில் கூட்டம் அதிகம்.

திமிங்கலப் படகுக்காரர்களிடம் இன்னும் கிட்டே போ என்று கேட்காதீர்கள். ஜப்பானில் திமிங்கலம் பார்க்கிற வழக்கமே 1988இல் இங்கேதான் தொடங்கியது, அப்போதிருந்து தாங்களே விதி வைத்திருக்கிறார்கள். கூன்முதுகுத் திமிங்கலத்துக்கு 300 மீட்டரில் வேகம் குறைப்பார்கள், 100 மீட்டருக்குள் தாங்களாகப் போக மாட்டார்கள். மார்ச்சில் தாயும் கன்றும் சேர்ந்திருக்கும், அது தானாகப் பக்கத்தில் வந்தால் அதிர்ஷ்டம்.

திரும்புகிற நாளில் துறையில் மேளம் அடித்து வழியனுப்புவார்கள், பிறகு ஊர்ப் படகுகள் எல்லாம் கப்பலோடு கூடவே ஓடிவரும், விரிகுடா வாயில் ஒவ்வொருவராகக் கடலில் குதித்துக் கையசைப்பார்கள். போய்ட்டு வாங்க என்றுதான் கத்துவார்கள். வலப்பக்கமா இடப்பக்கமா என்று முன்பே கப்பல் ஊழியரிடம் கேட்டு இடம் பிடியுங்கள், கிளம்புவதற்கு அரைமணி முன்பே கம்பி ஓரம் நிரம்பிவிடும்.

திரும்பி வந்த மறுநாளே அலுவலகம் என்று வைக்காதீர்கள். தாழ்வுநிலை வந்தால் கப்பல் தாமதமாகும், முன்கூட்டியும் கிளப்புவார்கள். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள், அத்தைக்கு இந்தியா திரும்புகிற விமானச் சீட்டு அந்த வாரத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள். ரொக்கமும் கொஞ்சம் கையில் இருக்கட்டும். இசு தீவுகள் தாண்டியதும் போன் சிக்னல் போய்விடும், மகளுக்குப் படம், பாட்டு எது வேண்டுமோ வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கிடைத்ததும் தேதியைப் போடுங்கள், அந்த வார ஹஹாஜிமா அட்டவணையை நானும் பார்த்துச் சொல்கிறேன்.